பெருநாள் காசும் பிளாஸ்டிக் துப்பாக்கியும்: விளையாட்டுப் பொருட்களில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பணவீக்கம் குறைந்துவிட்டது என்ற செய்தி எமக்குப் பழகிவிட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் 69.8 வீதத்தைத் தொட்ட பணவீக்கம், 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. கணக்கு சரிதான். ஆனால் பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவதுதான், ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்புவதல்ல. பூச்சியத்துக்குக் கீழே போன அந்த மாதங்களில் இறங்கியது, அதற்கு முன்னர் ஏறியதோடு ஒப்பிட்டால் சொற்பம். இதை அரிசிக் கடையிலும் மருந்துக் கடையிலும் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். பெருநாள் நெருங்கும்போது இன்னோர் இடத்திலும் உணர்வோம். அதைப் பற்றி எழுத யாரும் அவ்வளவாக முன்வருவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சொல்கிறேன்.

எமது கடைகளில் தொங்கும் விளையாட்டுப் பொருட்களில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து, குறிப்பாகச் சீனாவிலிருந்து வருபவை. 2021 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அப்போது வற் வரி 8 வீதம். இரண்டு டொலருக்கு இறங்கும் ஒரு சிறிய காருக்கு 400 ரூபாவும் வற்றும் சேர்த்து 432 ரூபா. 2022 ஜூனில் வற் 12 வீதமானது, அதே ஆண்டு செப்டம்பரில் 15 வீதமானது, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமானது. டொலரை 300 ரூபா என்று வைத்துக் கொண்டாலும் அதே கார் இன்று 708 ரூபா. இது சுங்கத் தீர்வையையும், 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியையும், கப்பல் கூலியையும், மொத்த வியாபாரியினதும் சில்லறை வியாபாரியினதும் இலாபத்தையும் சேர்க்காத கணக்கு. கார் மாறவில்லை. சீனத் தொழிற்சாலையும் விலையைக் கூட்டவில்லை. ஆனாலும் விலை நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கூடிவிட்டது.

சம்பளம் இப்படிக் கூடவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2019 இல் சுமார் 11 வீதமாக இருந்த வறுமை, 2023 இல் 25 வீதத்தைத் தாண்டியது. அஸ்வெசும திட்டத்தில் வறியோர் பிரிவுக்கு 2025 முதல் மாதம் 10,000 ரூபா. அந்தக் குடும்பத்தின் பிள்ளை கேட்கும் ரிமோட் காரின் விலை 3,500 ரூபா என்றால், அது ஒரு மாதக் கொடுப்பனவில் மூன்றில் ஒரு பங்கு. என் வகுப்பில் அப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அதுவல்ல நான் சொல்ல வருவது. ஆசிரியர் கலாசாலையில் எமக்கு முதலில் சொல்லித் தந்த பாடமே, ஆறு வயதுக் குழந்தைக்கு விளையாட்டு என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கல்ல, அதுதான் அதன் வேலை என்பது. 1999 இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் முதன்மை நிலை ஒன்றில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் எழுத்து வேலையை விடக் கூடுதல் இடம் கொடுத்தது. ஆகவே வறுமையைக் காட்டிப் பிள்ளையின் விளையாட்டை வெட்டுவது, செலவைக் குறைப்பதாகாது. அது வேறொரு கடன். நாம் கேட்க வேண்டிய கேள்வி, கொடுக்கிற காசுக்கு விளையாட்டு கிடைக்கிறதா என்பது. பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பெருநாள் காசை எடுத்துக் கொள்வோம். மாமா தந்த 500, சாச்சி தந்த 200, மூத்தம்மா தந்த 100 என்று பெருநாள் தினத்தன்று காலையிலேயே பிள்ளையின் கையில் ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது. லுஹருக்கு முன்னர் அது வீதியோரக் கூடாரக் கடைக்குப் போய்விடுகிறது. அங்கே ஆண் பிள்ளைகள் அதிகம் வாங்குவது எது என்று யாரும் ஆய்வு செய்யத் தேவையில்லை. துப்பாக்கிதான். சின்னப் பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடும் துப்பாக்கி. அன்று பின்னேரமே குண்டு முடிந்துவிடும், அல்லது விசை உடைந்துவிடும். மறுநாள் அது கூரை மேலோ வடிகாலிலோ கிடக்கும்.

காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குண்டு கண்ணில் பட்டால் கருவிழிக்குப் பின்னால் இரத்தம் கசியலாம், வில்லை பாதிக்கப்படலாம், காயம் ஆறிப் பல வருடங்களின் பின்னரும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை குறையலாம். பெருநாளின் மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண் வைத்தியரிடம் ஓடும் ஒரு வாப்பாவுக்கு அந்தத் துப்பாக்கியின் விலை எவ்வளவு? குண்டுத் துப்பாக்கி வாங்காதிருப்பதுதான் விளையாட்டுப் பொருட்களில் நாம் செய்யக்கூடிய ஆகப் பெரிய மிச்சம் என்று நான் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெருநாள் முடிந்து பாடசாலை திறக்கும்போது, புத்தகப் பையிலிருந்து மஞ்சள் குண்டுகள் உருண்டு விழும்.

அடுத்தது பெற்றரி. ரிமோட் காரின் விலைச்சீட்டில் பெற்றரிச் செலவு எழுதப்பட்டிருக்காது. காருக்கு நான்கு, ரிமோட்டுக்கு இரண்டு என்றால், ஆறு பெற்றரிக்கு எங்கள் ஊர்க் கடையில் 500 ரூபாவை அண்மித்துப் போகிறது. மலிவான பெற்றரி மோட்டாருக்கு ஈடுகொடுக்காது. இரண்டு மூன்று நாளில் கார் நகரும் வேகம் நத்தைக்கு வந்துவிடும். இரண்டாவது முறை பெற்றரி வாங்கித் தரும் வீடுகள் குறைவு. அதாவது 3,500 ரூபாவுக்கு வாங்கியது மூன்று நாள் விளையாட்டு. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாட்டுப் பாடும் சின்னச் சின்னப் பொருட்களுக்குள் பொத்தான் அளவில் வட்டமான பெற்றரி இருக்கும். மூடி திருகாணி போட்டு இறுக்கப்படாமல், நகத்தால் தட்டினாலே திறந்துவிடும். அதைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே எரிகாயம் ஏற்படலாம். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் திருகாணி இல்லாத பெற்றரி மூடி எதுவும் இருக்கக் கூடாது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மலிவு என்றதும் வர்ணப்பூச்சு பற்றியும் சொல்ல வேண்டும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் சில வேளைகளில் ஈயம் கலந்த பூச்சாக இருக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. யுனிசெப் 2020 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று பிள்ளைகளில் ஒருவரின் இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவில் ஈயம் இருக்கிறது என்றது. காரணங்கள் பல; பழைய பெற்றரிகளை உருக்கும் இடங்கள் அதில் முக்கியமானவை, பூச்சும் ஒன்று. ஈயம் மூளையைப் பாதிக்கும், கவனத்தைப் பாதிக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவித்தால் நாம் 'குழப்படி' என்கிறோம். எல்லாக் குழப்படிக்கும் ஈயம் காரணமல்ல, அப்படிச் சொல்வதும் தவறு. ஆனால் வாயில் வைத்துக் கடிக்கும் வயதுப் பிள்ளைக்கு, உற்பத்தியாளர் பெயரே இல்லாத, உரசினால் நிறம் கையில் ஒட்டும் பொருளை வாங்கிக் கொடுக்காதிருப்பது எம் கையில் இருக்கிறது. பழைய விளையாட்டுப் பொருள் வாங்குவதை நான் ஆதரிப்பவள். ஆனால் பூச்சு உரிந்த பழைய இரும்பு, மரப் பொருட்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்றும் கூற முடியாது. காற்றடைத்து ஊதும் பிளாஸ்டிக் பொம்மைகள் 2021 மார்ச் 31 முதல் தடை செய்யப்பட்டவை. பலூன், பந்து, நீரில் மிதக்கும் விளையாட்டுப் பொருட்கள் மட்டுமே விதிவிலக்கு. அந்தத் தடை வந்து இத்தனை வருடமாகியும் கந்தூரிக் கடைகளில் ஊதிய முயலும் ஊதிய சுத்தியலும் தொங்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டம் கொழும்பில் இருக்கிறது. கந்தூரி எங்கள் ஊரில் நடக்கிறது.

இனி, நிறைய வாங்கினால் பிள்ளை நிறைய விளையாடும் என்ற எண்ணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. 18 முதல் 30 மாதம் வரையான 36 குழந்தைகள். ஒரு தடவை நான்கு விளையாட்டுப் பொருட்களோடும், இன்னொரு தடவை பதினாறு பொருட்களோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடினார்கள், அதை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினார்கள். 2016 இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, ஒளிரும், பாடும் மின்னணுப் பொம்மைகள் அருகில் இருக்கும்போது பெற்றோர் குழந்தையோடு பேசுவது குறைகிறது என்று கண்டது. சாதாரணப் பொம்மையோடும் படப் புத்தகத்தோடும் இருக்கும்போது கூடுதலாகப் பேசுகிறார்கள். பொம்மை பேசினால் உம்மா பேசாமலிருந்து விடுகிறார். இவை சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் வகுப்பறையில் நான் காண்பதோடு ஒத்துப் போகின்றன.

இதிலிருந்து காசே செலவில்லாத ஒரு வழி பிறக்கிறது. வீட்டில் இருக்கும் விளையாட்டுப் பொருட்களை மூன்று பெட்டிகளாகப் பிரியுங்கள். ஒரு பெட்டி வெளியே, இரண்டு பெட்டி அலுமாரிக்கு மேலே. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மேலிருந்து இறங்கும் பெட்டியைப் பிள்ளை புதிதாக வாங்கியது போலத் திறக்கும். உடைந்தவற்றைப் பிரிக்கும்போதே, ஒரு வருடத்தில் எவ்வளவு குப்பை வாங்கியிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கை வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். ஏனெனில் வெளிநாட்டிலிருந்து வரும்போதும் கொழும்புக்குப் போய் வரும்போதும் பிள்ளைக்குப் பொம்மை வாங்கி வருபவர் பெரும்பாலும் அவர்தான். அதை ஒதுக்கி வைக்க இடம் தேடுபவர் மனைவி.

வாங்கத்தான் வேண்டும் என்றால் எதை வாங்குவது? எத்தனை வகையாக விளையாடலாம் என்பதுதான் என் அளவுகோல். ரிமோட் கார் முன்னால் போகும், பின்னால் போகும். அவ்வளவுதான். மரக்கட்டைகளோ வீடாகும், பாலமாகும், பள்ளிவாசலாகும், கடையாகும். எங்கள் ஊரில் ஒரு தச்சுப் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை ஒரே அளவில் அறுத்து, முனைகளை மட்டமாகத் தேய்த்து, பூச்சு எதுவும் பூசாமல் ஐம்பது கட்டைகள் எடுத்தேன். வகுப்பில் ஐந்தாவது வருடமாக அவை பாவனையில் இருக்கின்றன. ஒன்று கூட உடையவில்லை. நான்கு காணாமற் போயின. ஒரு நல்ல பந்து, ஒரு கயிறு, கரும்பலகையும் சோக்கும், கொஞ்சம் களிமண். சிரட்டையும் ஆற்று மணலும் கிடைக்கும் ஊரில் விளையாட்டுச் சமையல் சாமான் வாங்குவது எனக்குப் புரியாத விடயம். போளை, கொக்கான், கிளித்தட்டு, பனங்காய் வண்டில் என்று எம் வயதினர் விளையாடியவற்றைப் பற்றி முகநூலில் ஏக்கத்தோடு எழுதுகிறோம். பிள்ளைக்குக் கொக்கான் வெட்டச் சொல்லிக் கொடுக்க ஐந்து கல்லும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் கடைகளில் விற்பனைக்கு இல்லை.

குடும்பத்துக்குள் ஒன்றுசேர்வதும் நல்லது. மாமா, சாச்சா, பெரியம்மா என்று ஐந்து பேர் தனித்தனியே ஐந்து உடையும் பொருட்களை வாங்குவதற்குப் பதிலாக, ஐந்து பேரின் பெருநாள் காசையும் சேர்த்து ஒரு துவிச்சக்கர வண்டியோ ஒரு நல்ல புத்தகத் தொகுதியோ வாங்கலாம். இதைப் பெரியவர்கள் பேசிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் கையிலிருந்து பெருநாள் காசைப் பறிப்பதல்ல நான் சொல்வது. அந்தக் காசில் ஒரு பகுதியைப் பிள்ளை தன் விருப்பப்படி செலவழிக்கட்டும். உடையும் பொருளை ஒருமுறை தன் காசிலேயே வாங்கிப் பார்த்த பிள்ளை, மறுமுறை கடையில் கொஞ்ச நேரம் யோசிக்கும்.

முன்பள்ளிகளில் பரவிவரும் ஒரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளையின் பிறந்த நாளுக்கு வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சிறிய பை. அதற்குள் ஒரு விசில், ஒரு சின்னக் கார், இரண்டு டொபி. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது பை. ஒருவர் கொடுத்தால் மற்றவரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்யும் ஒரு தந்தை, இதற்காகவே மகளைப் பிறந்த நாளன்று முன்பள்ளிக்கு அனுப்பாமல் விட்டதாக என்னிடம் சொன்னார். முன்பள்ளி கேட்கவில்லைதான். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று நிருவாகம் ஒரே ஒரு கடிதம் அனுப்பினால் முப்பது குடும்பங்களின் செலவு மிச்சம்.

ஏனெனில் பிள்ளைகள் ஒப்பிடுவார்கள். பெருநாள் விடுமுறை முடிந்த முதல் நாள், வகுப்பில் பாடத்துக்கு முன்னர் நடப்பது அதுதான். போன வருடம் தரம் இரண்டில் ஒரு பையன், மற்றவர்கள் எல்லோரும் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கிட்டயும் இரிக்கி டீச்சர், ஊட்ட வெச்சிட்டு வந்தன்" என்றான். என்ன பொருள் என்று யாரோ கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரிசு" என்றான். அவனுடைய ராத்தாவும் எங்கள் பாடசாலைதான். அவர்களின் வீட்டில் அந்தப் பெருநாளைக்குப் புது உடுப்புக் கூட ஒருவருக்கும் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தப் பையனுக்குத் தேவை இலவசமாக ஒரு துப்பாக்கியோ காரோ அல்ல. மற்றப் பிள்ளைகள் விளையாடுவதோடு அவனும் விளையாட ஒரு வழி வேண்டும்.

வியாபாரிகளை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். கூடாரக் கடை போடுபவர்களில் பலர் எமது ஊர் இளைஞர்கள். புறக்கோட்டையில் கடனுக்குச் சாமான் எடுத்து, பெருநாளைக்கு முந்திய ஒரு வாரத்தில் மூன்று மாத உழைப்பைத் தேட வேண்டியவர்கள். 2022 ஓகஸ்டில் சுமார் 300 வகைப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அவர்கள் பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனால் மக்கள் கேட்பதைத்தான் அவர்கள் எடுத்து வருகிறார்கள். பந்தும் பட்டமும் கயிறும் படப் புத்தகமும் விலைப்படும் என்றால் அவற்றை எடுத்து வருவார்கள். பட்டம் கட்டவும் மரப் பொருள் செய்யவும் ஊரிலேயே ஆள் இருக்கிறது. அந்தக் காசு டொலராகி வெளியே போகவும் மாட்டாது.

கடைசியாக, தனித்தனி வீடுகளால் செய்ய முடியாத ஒரு வேலை. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1935 இல், நூலகத்தில் புத்தகம் இரவல் எடுப்பது போலப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருட்களை இரவல் எடுக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. பிள்ளைகள் ஒரு கடையிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்வதற்கான சாமான்களைத் திருடியதுதான் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். தண்டனை கொடுப்பதை விட இரவல் கொடுப்பது மேல் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பின்னர் பல நாடுகளில் இப்படியான விளையாட்டுப் பொருள் நூலகங்கள் வந்தன.

எமது ஊர்களில் இதற்குக் கட்டடம் தேவையில்லை. பிரதேச சபை நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஓர் அலுமாரி, அல்லது பள்ளிவாசலோடு சேர்ந்த மண்டபத்தில் ஒரு மூலை போதும். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல பொருட்கள், பிள்ளை வளர்ந்துவிட்டதால் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளுக்கு மேல் தூசி படிந்து கிடக்கின்றன. ரமழானில் உலர் உணவுப் பொதி சேகரிக்கும் அதே இளைஞர் சங்கங்கள் ஒரு வெள்ளிக்கிழமை இவற்றைச் சேகரிக்கலாம். பிளாஸ்டிக்கைச் சவர்க்காரத்தில் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். பூச்சு உரிந்தவை, பெற்றரி மூடி இறுகாதவை, சின்னத் துண்டு கழன்று விழுபவை, துப்பாக்கிகள் ஆகியவற்றை எடுக்கக் கூடாது. ஒரு சீஆர் கொப்பியில் பிள்ளையின் பெயர், பொருள், திகதி. இரண்டு வாரத்துக்கு ஒரு பொருள். உடைந்தால் தண்டப் பணம் இல்லை; உடையத்தான் செய்யும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஏழைகளின் அலுமாரி என்று பெயர் எடுத்து ஆறு மாதத்தில் பூட்டப்பட்டுவிடும்.

எங்கள் பாடசாலையில் தரம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் இதைத் தொடங்குவதற்கு அதிபர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அலுமாரியைப் பழைய மாணவர் ஒருவர் தருகிறார். வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பின்னர் அரை மணித்தியாலம் கொப்பியோடு அமர இரண்டு தாய்மார் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார்.